ஆப்பிரிக்க முந்திரி: கொட்டைக்கு முன்னால் அரசைப் பாருங்கள் (அனுபவப் பகிர்வு)

தூத்துக்குடி, இறக்குமதி

சீசன் நெருங்கினால் எல்லோரும் கேட்பது "கொட்டை என்ன விலை?" என்றுதான். அதற்கு முன்னால் கேட்க வேண்டியது, அந்த நாட்டில் விலையை யார் வைக்கிறார்கள், எந்தத் தேதியில் அறிவிக்கிறார்கள் என்பது. ஆப்பிரிக்காவில் முந்திரி வெறும் விளைபொருள் இல்லை. ஓட்டு, வரி, எல்லைக் காவல், சில இடங்களில் துப்பாக்கியும் சேர்ந்துதான் மூட்டை கட்டுகிறது. இதில் பழகியவர்கள் அவரவர் நாட்டைப் பற்றி எழுதுங்கள். நான் ஐவரி கோஸ்டிலிருந்து தொடங்குகிறேன்.

உலகத்தில் அதிகம் முந்திரி விளைவது அங்கேதான். தோட்டங்கள் வடக்கில்: கொரோகோ, பூவாக்கே, பொந்துக்கு வட்டாரங்கள். ஆண்டுதோறும் சீசன் தொடக்கத்தில் பருத்தி, முந்திரிக்கான அரசுக் கவுன்சில் விவசாயிக்குக் கொடுக்க வேண்டிய அடிவிலையை அறிவிக்கும். 2023இல் கிலோ 315 ஃப்ராங்க் (மேற்கு ஆப்பிரிக்க நாணயமான சி.எஃப்.ஏ. ஃப்ராங்க்), 2024இல் 275, 2025இல் 425. ஒரே வருடத்தில் பாதிக்கும் மேல் ஏற்றம். அறிவிப்புக்கு முன்னாலேயே குறைந்த விலையில் ஒப்பந்தம் பேசிவிட்டு முன்பணமும் கொடுத்தவர்களுக்குச் சரக்கு வராது. ஊர் ஊராகப் போய்ச் சேகரிக்கும் தரகரை அங்கே பிஸ்தேர் என்பார்கள். விலை ஏறினால் அவர் உங்கள் பணத்தில் வாங்கிய மூட்டையை அடுத்தவருக்கு விற்றுவிடுவார். கேட்டால் "விளைச்சல் இல்லை" என்பதுதான் பதில். அதனால் முன்பணத்தை ஒரே தவணையில் விடாதீர்கள். முதல் லோடு கிடங்கில் எடை போட்ட பிறகு அடுத்த தவணை.

கணக்கில் இன்னொன்று. 425 ஃப்ராங்க் என்றால் டன்னுக்கு 4,25,000. அந்த ஃப்ராங்க் ஒரு யூரோவுக்கு 655.957 என்று நிலையாகக் கட்டப்பட்டது. ஆக, 2025இல் தோட்டத்து விலையே டன்னுக்குச் சுமார் 648 யூரோ. நாம் ஒப்பந்தம் போடுவது டாலரில். யூரோ ஏறினால் அங்கே ஒரு பைசா விலை ஏறாமலேயே விற்பவருக்கு நஷ்டம் வரும். நஷ்டத்தை அவர் தரத்தில் சரிக்கட்டப் பார்ப்பார். டாலர்–ரூபாயை மட்டும் பார்ப்பவர்கள் டாலர்–யூரோவையும் சேர்த்துப் பாருங்கள்.

2024 ஏப்ரலில் உள்நாட்டு ஆலைகளுக்குச் சரக்குக் கிடைக்க வேண்டும் என்று பச்சைக் கொட்டை (ஓடு உடைக்காத கொட்டை) ஏற்றுமதியையே கொஞ்ச காலம் நிறுத்தினார்கள். ஒப்பந்தம் போட்ட சரக்கு வரவில்லை என்று வியட்நாம் ஆலைகள் அந்த வருடம் முழுக்கப் புலம்பின. ஏற்றுமதித் தடை வந்தால் யார் பொறுப்பு, எத்தனை நாள் காத்திருப்பு, முன்பணம் எப்போது திரும்பும் என்று ஒப்பந்தத்தில் தனியாக எழுதிக்கொள்ளுங்கள். "எதிர்பாராத சூழல்" என்ற பொதுவான வரி போதாது. அரசு உத்தரவு அங்கே எதிர்பார்த்தே ஆக வேண்டிய விஷயம்.

பழைய கதையும் தெரிந்திருக்க வேண்டும். 2002 செப்டம்பரில் கலகம் வெடித்து நாடு இரண்டாகப் பிளந்தபோது, கிளர்ச்சிப் படை பிடித்த வடபாதியும் முந்திரி விளையும் பூமியும் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தன. படைகள் சாலையில் மூட்டைக்கு வரி போட்டன. சரக்கில் ஒரு பகுதி அபிஜான் துறைமுகத்துக்கு இறங்காமல் புர்கினா பாசோ பக்கம் போனது. தேர்தல் தகராறு 2011இல் போரானதும் சரியாகக் கொட்டை பொறுக்கும் மாதங்களில்தான். இன்றும் தரைவழியாகப் பச்சைக் கொட்டையை வெளியே கொண்டுபோகத் தடை உண்டு. கானா விலை அதிகமாக இருந்தால் மூட்டை இரவில் எல்லை தாண்டும். "கானா சரக்கு" என்று வருவதெல்லாம் கானாவில் காய்த்ததில்லை.

பண்ருட்டி, தரம் பார்ப்பவர்

அண்ணாச்சி சொன்ன "தரத்தில் சரிக்கட்டுவது" எப்படி நடக்கிறது என்று எழுதுகிறேன். புதிதாக வருபவர்கள் ஏமாறுவது இங்கேதான்.

அவுட்டர்ன் என்பது 80 கிலோ மூட்டைக்கு எத்தனை பவுண்டு பருப்பு தேறும் என்ற கணக்கு. ஒரு கிலோ மாதிரியை எண்ணி (அந்த எண்ணிக்கைதான் நட் கவுண்ட்), ஒவ்வொரு கொட்டையையும் இரண்டாக வெட்டிப் பருப்பைத் தோலோடு எடுத்து எடை போட வேண்டும். நல்ல பருப்பு முழு எடை. புள்ளி விழுந்ததும் முற்றாததும் பாதி எடை. பூஞ்சை, எண்ணெய் கசிந்தது, பூச்சி அரித்தது, வெறும் ஓடு எல்லாம் பூஜ்யம். நல்லது 255 கிராம், புள்ளி 24 கிராம் என்றால் 255உடன் 12 சேர்த்து 267. அதை 0.17637ஆல் (ஒரு கிலோ மாதிரியின் கிராமை 80 கிலோ மூட்டையின் பவுண்டாக மாற்றும் எண்) பெருக்கினால் 47.09 பவுண்டு. ஐவரி கோஸ்ட் சரக்கு பொதுவாக 46–48 நிற்கும். கினி-பிசாவ் நல்ல வருடத்தில் 52ஐத் தாண்டும்.

ஒப்பந்தத்தில் 47 அடிப்படை, 45க்குக் கீழே நிராகரிப்பு என்று போட்டால், இடையில் குறையும் ஒவ்வொரு பவுண்டுக்கும் விலையில் 47இல் ஒரு பங்கு கழிய வேண்டும். டன் 1,400 டாலர் என்று வைத்தால் பவுண்டுக்கு ஏறக்குறைய 30 டாலர். இந்தக் கழிவை எந்தச் சோதனை தீர்மானிக்கும், ஏற்றும் இடமா இறக்கும் இடமா என்பதையும் எழுத வேண்டும். ஏற்றும் இட அறிக்கையை மட்டும் நம்பினால் கடலில் கெட்டது முழுக்க உங்கள் தலையில்.

மாதிரி எடுக்கும்போது கதவோரத்து மூட்டையில் மட்டும் கம்பி குத்தக் கூடாது. நல்ல மூட்டை எப்போதும் கதவோரம்தான் இருக்கும். லாரி இறங்கும்போதே பத்துக்கு ஒன்றாவது குத்தி, எல்லாவற்றையும் தரையில் கொட்டிக் கலந்து, நான்காகப் பிரித்து எதிரெதிர் பங்கை எடுத்துத் திரும்பக் கலக்க வேண்டும். கடைசியில் நிற்கும் ஒரு கிலோதான் உண்மை பேசும்.

ஈரப்பதம் 10 சதவீதத்துக்கு மேல் வேண்டவே வேண்டாம். 12 சதவீதத்தில் ஏற்றிய 20 டன் இங்கே 9 சதவீதத்துக்குக் காய்ந்தால் எடையில் மட்டும் 660 கிலோ போய்விடும். எடை போவதாவது பரவாயில்லை. கண்டெய்னருக்குள் பகலில் ஆவியாகி இரவில் கூரையில் வேர்த்துச் சொட்டும் தண்ணீர் மேல் வரிசை மூட்டையைப் பூஞ்சையாக்கும். சணல் சாக்கு, சுவரிலும் கூரையிலும் கிராஃப்ட் காகிதம், ஈரம் உறிஞ்சும் பைகள் – மூன்றும் இல்லாமல் ஏற்ற விடாதீர்கள். பிளாஸ்டிக் சாக்கில் வந்தால் ஏற்றும் இடத்திலேயே மாற்றச் சொல்லுங்கள்.

இதற்கும் அரசியலுக்கும் என்ன என்று கேட்கலாம். அடிவிலை எப்போது வரும் என்று தெரியாதபோது விவசாயி காயவைக்காமல் விற்பார், அல்லது விலை ஏறும் என்று வீட்டில் குவித்து வைப்பார். முதலாவதில் ஈரம், இரண்டாவதில் மழை நனைத்த பழைய கொட்டை. அறிவிப்பு தள்ளிப்போகும் வருடங்களில் புள்ளிப் பருப்பு கூடுவதை வெட்டும் பலகையிலேயே பார்க்கலாம்.

முட்வாரா பக்கம், கொள்முதல்

தான்சானியா வேறு மாதிரி. சீசன் அக்டோபரில் தொடங்கும்; மேற்கு ஆப்பிரிக்கச் சரக்கு தீர்ந்திருக்கும் நேரம் என்பதால் நம் ஆலைகளுக்கு இது உயிர். முட்வாரா, லிண்டி, ருவுமா மாகாணங்கள். இங்கே தோட்டத்தில் போய் வாங்க முடியாது. விவசாயி கொட்டையைத் தன் ஊர்க் கூட்டுறவுச் சங்கத்தில் எடை போட்டுக் கொடுப்பார். அது கிடங்குக்குப் போய் ரசீதாகும். சங்க ஒன்றியம் – நெவாலா, தண்டஹிம்பா என்றால் தனேக்கு. மசாசி, முட்வாரா என்றால் மம்கு – ஏலம் விடும். இந்த ஏலம் அண்மைய சீசன்களில் சரக்குப் பரிவர்த்தனை மையத்தின் கணினிக்குப் போய்விட்டது. கூடியிருக்கும் விவசாயிகள் "வேண்டாம்" என்றால் அன்றைக்கு விற்பனை கிடையாது. இதை நான் பெரிதாக மதிக்கிறேன். நமக்குச் சிரமம்தான், ஆனால் விலை கட்டவில்லை என்று விவசாயி முகத்துக்கு நேரே சொல்லும் இடம் வேறு எங்கே இருக்கிறது?

ஏல விலையோடு கணக்கை முடித்துவிடாதீர்கள். ஏற்றுமதித் தீர்வை கப்பல் ஏற்றும் மதிப்பில் 15 சதவீதம் அல்லது டன்னுக்கு 160 டாலர், எது அதிகமோ அது. கிடங்குக் கூலி, சங்கக் கழிவு, சாக்கு, முட்வாரா துறைமுகத்தில் காலி கண்டெய்னர் கிடைக்காவிட்டால் தார் எஸ் சலாம் வரை லாரி. கடைசியாகச் சொன்னதுதான் லாபத்தைத் தின்னும். ஏலத்தில் கை தூக்குவதற்கு முன்னால் கப்பல் கம்பெனியிடம் கண்டெய்னர் உறுதி வாங்குங்கள்.

2018இல் நடந்தது இந்த வியாபாரத்தில் இருப்பவர் மறக்கக் கூடாது. முதலில் அந்த வருடம் நாடாளுமன்றம் முந்திரித் தீர்வையில் தொழிலுக்குத் திரும்ப வேண்டிய பங்கைப் பொதுக் கருவூலத்துக்கு மாற்றியது. சாம்பல் நோய்க்கு அடிக்கும் கந்தகத் தூளுக்குப் பணம் அந்தப் பங்கிலிருந்துதான் வந்துகொண்டிருந்தது. தெற்கு மாகாண உறுப்பினர்கள் எதிர்த்தார்கள், நடக்கவில்லை. பிறகு அக்டோபர் ஏலத்தில் வியாபாரிகள் கேட்ட விலை குறைவு என்று விவசாயிகள் மறுத்தார்கள். அதிபர் மகுஃபுலி வியாபாரிகளைக் கூட்டிக் கிலோ 3,000 ஷில்லிங்காவது தர வேண்டும் என்றார். கெடு வைத்தார். விவசாய அமைச்சரும் வர்த்தக அமைச்சரும் பதவி இழந்தார்கள். நவம்பர் 12ஆம் தேதி, முழு விளைச்சலையும் அரசே 3,300 ஷில்லிங்குக்கு வாங்கும், இராணுவம் சுமக்கும் என்று அறிவித்துவிட்டார்.

விவசாயி கேட்டது நியாயம். அரசு செய்த விதம் விவசாயியையே அடித்தது. தோட்டம் இல்லாமல் மலிவாக வாங்கிக் குவிக்கும் இடைத்தரகரை அங்கே கங்கோம்பா என்பார்கள். அவர்களைப் பிடிக்கிறோம் என்று நிறையக் கொட்டை கொடுத்தவர்களிடம் தோட்டத்தைக் காட்டச் சொன்னார்கள்; சரிபார்ப்பில் பணம் மாதக்கணக்கில் தங்கியது. அடுத்த பருவத்துக்கு மருந்தடிக்கவும் களை எடுக்கவும் அந்தப் பணம்தான் வேண்டும். கிடங்கில் தேங்கிய கொட்டையை உலக விலை இறங்கிக்கொண்டிருக்கும்போது அரசு விற்க வேண்டி வந்தது. அதற்கு முந்தைய சீசனில் 3 லட்சம் டன்னைத் தாண்டிய விளைச்சல் அந்தச் சீசனில் இரண்டே கால் லட்சம் அளவுக்கு இறங்கியிருந்தது.

இதிலிருந்து வாங்குபவருக்கு ஒரு வேலை இருக்கிறது. ஜூன் மாத பட்ஜெட்டில் முந்திரித் தீர்வை, கந்தக மானியம் இரண்டையும் படியுங்கள். மானியம் தாமதமானால் பூக்கும் நேரத்தில் மருந்து இல்லை; அக்டோபர் கொட்டை சிறுத்து, கிலோவுக்கு எண்ணிக்கை கூடும்.

கொல்லம் பக்கம்

சார், கினி-பிசாவ் பற்றி யாராவது எழுதுங்கள். தரம் நன்றாக இருக்கிறது, ஆனால் சரக்கு எப்போது வரும் என்றே சொல்ல முடிவதில்லை.

தூத்துக்குடி, இறக்குமதி

தம்பி, அந்த நாட்டின் ஏற்றுமதி வருமானத்தில் பத்தில் ஒன்பது பங்கு முந்திரி. அதனால் அங்கே ஆட்சி கவிழ்ந்தால் முதலில் நிற்பது நம் மூட்டை. ஆனால் எந்த மாதத்தில் கவிழ்கிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. 2012இல் இராணுவம் ஆட்சியைப் பிடித்தது ஏப்ரல் 12ஆம் தேதி, அதிபர் தேர்தலின் இரண்டு சுற்றுகளுக்கு நடுவில். கொட்டை மரத்திலிருந்து விழுந்துகொண்டிருக்கும் நேரம். வங்கியும் துறைமுகமும் தடுமாறின. வாங்க ஆள் இல்லாமல் விலை விழுந்தது. 2025இல் ராணுவம் வந்தது நவம்பரில். மரத்தில் காய் இல்லை. மார்ச் வருவதற்குள் வங்கி திறந்திருக்கிறதா, அடிவிலை அறிவிக்கிறார்களா, ஏற்றுமதி உரிமம் யார் கையெழுத்தில் வருகிறது என்று பார்க்க அவகாசம் இருந்தது.

பணம் ஓடாத வருடத்தில் கிராமத்தில் அரிசிக்குக் கொட்டை மாற்றுவார்கள். விலை சரியாக இருந்தால் கிலோவுக்குக் கிலோ; விழுந்தால் இரண்டு கிலோ கொட்டைக்கு ஒரு கிலோ அரிசி. நெல் வயலைக் குறைத்து முந்திரி நட்ட குடும்பங்கள் அவை. பேரம் பேச முடியாது. அப்படிக் கைமாறிய கொட்டை சரியாகக் காயாமல் வரும். ஈரம் இரண்டு முறை பாருங்கள்.

துறைமுகம் பிசாவ் மட்டும்தான். கால்வாய் தூர்ந்தது, கிரேன் குறைவு, பெரிய கப்பல் வராது. சிறு கப்பலில் ஏற்றி வேறு துறைமுகத்தில் மாற்ற வேண்டும். ஜூனில் மழை பிடித்துவிடும். மே கடைசிக்குள் கிடங்கை விட்டுக் கிளம்பாத சரக்குக்கு விலை பேசும்போது அவுட்டர்னில் இரண்டு பவுண்டு குறைத்தே பேசுங்கள். காம்பியா கொட்டை என்று பாஞ்சூல் துறைமுகத்தில் ஏறுவதில் பெரும்பகுதி செனகலின் கசமான்சிலிருந்து வருவது. அங்கே பல பத்தாண்டுகளாகப் பிரிவினைச் சண்டை. மூலச் சான்றிதழில் இருக்கும் நாடும் சாக்கில் இருக்கும் கொட்டையும் பொருந்துகிறதா என்று சுங்கத்தில் கேட்டால் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள்தான்.

மார்த்தாண்டம், ஆலை

"அவர்கள் ஏன் தடை போடுகிறார்கள்?" என்று இங்கே எரிச்சலாகக் கேட்பவர்கள் மொசாம்பிக்கைப் படிக்க வேண்டும். 1970களின் தொடக்கத்தில் உலக முந்திரியில் ஏறக்குறைய பாதி அங்கிருந்து வந்தது. உடைக்கும் ஆலைகளும் அங்கேயே இருந்தன. உள்நாட்டுப் போர் எல்லாவற்றையும் நொறுக்கியது. 1990களின் நடுவில் உலக வங்கி கடனுக்கு நிபந்தனையாகப் பச்சைக் கொட்டை ஏற்றுமதி வரியைக் குறைக்க வைத்தது. விவசாயிக்கு விலை கூடும் என்றார்கள். கூடியதில் பெரும்பங்கு இடைத்தரகரிடம் நின்றது. கொட்டை இந்தியாவுக்கு வந்தது; நம் ஆலைகள் ஓடின; அங்கே ஆலைகள் மூடி ஆயிரக்கணக்கானோர், அதில் நிறையப் பெண்கள், வேலை இழந்தார்கள். 1999இல் சட்டம் போட்டு வரியை 18 முதல் 22 சதவீதத்துக்கு உயர்த்தினார்கள். அதன் பிறகுதான் நம்புலாவில் சின்ன ஆலைகள் மெல்ல எழுந்தன, நம்மைப் போலக் கையால் உடைக்கும் முறையில்.

பெனின் 2024 ஏப்ரல் 1 முதல் பச்சைக் கொட்டை ஏற்றுமதியை முழுக்க நிறுத்தி, கிளோ-ஜிக்பே தொழிற்பேட்டையில் உடைக்கிறது. ஐவரி கோஸ்ட் ஏற்றுமதியாகும் பருப்புக்குக் கிலோவுக்கு 400 ஃப்ராங்க் ஊக்கத்தொகை வைத்தது. இரண்டும் பத்து வருடத்துக்குள் நம் கொட்டை வரத்தைக் குறைக்கும் என்றே நினைக்கிறேன். அவர்கள் செய்வது சரி.

நம் பக்கம் செய்யக்கூடியது: ஆலையின் தேவையில் ஒரு பங்கைத் தோலோடு இருக்கும் பருப்பாக வாங்கி, இங்கே தோல் உரித்து, ரகம் பிரித்து, டப்பா கட்டும் வேலைக்குத் திருப்பலாம். தோல் பருப்பு வாங்கும்போது ஈரம் 5 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். தோலில் கை தேய்த்தால் உதிர வேண்டும்; ஒட்டினால் அங்கே உலர்த்தும் அறையில் அவசரப்பட்டிருக்கிறார்கள், இங்கே உரிக்கும்போது உடைசல் கூடும். கொட்டையை உடைக்கும் ஆட்களை ரகம் பிரிக்கப் பழக்க ஒரு சீசன் ஆகும். இன்னொன்று: பெனினில் தடை இருப்பதால், டோகோவிலிருந்து "பெனின் தரக் கொட்டை" மலிவாக வருகிறது என்று யாராவது சொன்னால் வாங்காதீர்கள். அது தடை தாண்டி வந்த சரக்கு. பிடிபட்டால் மூட்டையும் போகும், முன்பணமும் போகும்.