ஸ்ட்ரோபெரி பையில சின்ன கறுப்பு பூச்சி, சவக்காரத் தண்ணி அடிச்சும் போக மாட்டேங்குது

கந்தப்பளை_மலர்:
எல்லாருக்கும் வணக்கம். வீட்டுக்குப் பின்னாடி பொலித்தீன் கூரை போட்டு 40 பையில ஸ்ட்ரோபெரி வச்சிருக்கேன், தும்புத்தூளும் கொம்போஸ்ட்டும் கலந்ததுதான், இப்ப பூவும் காயுமா இருக்கு. மூணு வாரமா கடுகை விட சின்னதா ஒரு கறுப்பு பூச்சி, தண்ணி ஊத்துனா போதும் பையிலேருந்து கூட்டமா கெளம்பி மூக்கு வாய்க்கெல்லாம் வருது. சவக்காரத் தண்ணி ரெண்டு தடவ அடிச்சேன், அன்னைக்கு குறையுது நாலு நாள்ல திரும்ப அதே கதை. ரெண்டு கன்னு ஈரம் இருந்தும் வாடிப் போச்சு. கடையில ஒரு மருந்து தந்தாங்க, ஆனா பிள்ளைங்க பழத்த பறிச்ச கையோட திங்குதுங்க, அடிக்க மனசு வரல. என்ன செய்யலாம்?

ஹட்டன்_பசுமை:
வேப்பெண்ணெய் 5 மில்லி, ஒரு லீட்டர் தண்ணி, கொஞ்சம் சவக்காரம் கலக்கி சாயங்காலமா இலைக்கு அடியில படுற மாதிரி அடிங்க. எங்க வீட்டு வெள்ளை ஈ அப்படித்தான் குறைஞ்சிச்சு, அஞ்சாறு நாளைக்கு ஒருக்கா விடாம அடிக்கணும்.

ராகலை_தோட்டக்காரன்:
தம்பி சொன்னது வெள்ளை ஈக்கு சரி, அது செடிய ஆட்டினா இலைக்கு அடியிலேருந்து வெள்ளைத் தூள் மாதிரி பறக்கும். தங்கச்சி சொல்றது கறுப்பு, அதுவும் மண்ணுலேருந்து வருது. அப்ப முட்டையும் புழுவும் பைக்குள்ள இருக்கு, இலைக்கு என்ன அடிச்சாலும் அதுங்களுக்கு ஒண்ணும் ஆகாது. உருளைக்கிழங்க மெல்லிசா வெட்டி ரெண்டு பையில மண்ணு மேல வச்சிட்டு மூணு நாள் கழிச்சு திருப்பிப் பாருங்க. பை மேல ஏதாச்சும் போடுறீங்களா?

கந்தப்பளை_மலர்:
அண்ணே, பாத்தேன். கிழங்குக்கு அடியில நூல் மாதிரி புழு, உடம்பு கண்ணாடி மாதிரி உள்ளுக்குள்ள இருக்கிறது தெரியுது, தலை மட்டும் ஊசி முனை மாதிரி கறுப்பு. ஒரு துண்டுல 11 இருந்துச்சு. பை மேல தெனமும் தேத்தண்ணி சக்கை போடுவேன், நல்ல உரம்னு சொன்னாங்க.

ராகலை_தோட்டக்காரன்:
அப்ப இது பூஞ்சண ஈ (fungus gnat) தான் தங்கச்சி, அந்த சக்கைதான் அதுங்களுக்கு சாப்பாடு. ஈரமா அழுகுற எதுலயும் முட்டை போடும், சக்கையில பூக்குற பூஞ்சணத்த புழு திங்கும், அது போதலன்னா சின்ன வேரையும் கடிக்கும், கடிச்ச எடத்தால அழுகல் ஏறும், உங்க ரெண்டு கன்னும் அதுலதான் போயிருக்கும்னு நினைக்கிறேன். எல்லாத்தையும் வழிச்சு எடுத்து தூரமா குழியில போடுங்க, நல்லா மக்கின பிறகு திரும்ப போடலாம். தண்ணிய குறைங்க, இந்த மூட்டத்துல பை காயாது, விரல உள்ள விட்டு மேல ஒரு அங்குலம் உலர்ந்தா மட்டும் ஊத்துங்க. மஞ்சள் பிளாஸ்டிக் தகட்டுல கிரீஸ் பூசி மண்ணுக்குப் பக்கத்துல படுக்க வைங்க, பறக்குறது அதுல ஒட்டிக்கும். நம்ம குளிர்ல முட்டையிலேருந்து பூச்சியாக ஒரு மாசம் கிட்ட எடுக்கும், அதனால ஒரு வாரத்துல நின்னுச்சுன்னு விட்டுடாதீங்க. நுளம்புப் புழுவுக்குப் போடுற பீடிஐ (Bti)ங்கிற பக்டீரியா மருந்து கெடச்சா தண்ணியில கலந்து ஊத்துங்க, இந்தப் புழுவும் சாகும், ஆளுக்கும் தேனீக்கும் கெடுதி இல்ல.

பண்டாரவளை_அக்கா:
மலர், பூ இருக்கிற நேரம் அந்த கடை மருந்த தொடாதம்மா, தேனீ வரலன்னா பழம் கோணலாத்தான் வரும். பூவையும் ஒரு வெள்ளைத் தாள் மேல தட்டிப் பாரு, மெல்லிசா மஞ்சளா ஓடுனா அது த்ரிப்ஸ்ங்கிற வேற பூச்சி, அதுக்கு வேற வழி பாக்கணும். சந்தேகம்னா விவசாயத் திணைக்களத்துக்கு 1920ல கேக்கலாம்.

கந்தப்பளை_மலர்:
பூவத் தட்டிப் பாத்தேன் அக்கா, ஒண்ணும் ஓடல. சக்கைய வழிச்சிட்டேன், ரெண்டு பக்கெட் வந்துச்சு. நேத்து வச்ச தகட்டுல இன்னைக்கு காலையில 60 வரைக்கும் எண்ணினேன், அதுக்கு மேல முடியல. அடுத்த கிழங்குத் துண்ட ஞாயித்துக்கிழமை திருப்பிப் பாத்துட்டு இங்கயே சொல்றேன்.