கியருக்கு 10.46 மீட்டர் வரம்பு: பாதுகாப்பா, பாரபட்சமா?

பின்சக்கரம்: 2025 அக்டோபரில் சீனாவின் குவாங்சி சுற்றுப் போட்டியில் உலக சைக்கிள் பந்தய அமைப்பான யுசிஐ சோதிக்கவிருந்த கியர் வரம்பை பெல்ஜியத்தின் வணிகப் போட்டி ஆணையம் நிறுத்திவைத்தது சரிதான். பெடல் ஒரு சுற்றுக்கு 10.46 மீட்டருக்கு மேல் வண்டி போகக் கூடாதாம். அதாவது முன்பக்கப் பல்சக்கரத்தில் (செயின்ரிங்) 54 பல், பின்பக்கத்தில் 11 பல்: 54×11. கியர் தயாரிக்கும் கம்பெனிகளில், ஷிமானோவின் கேசட்டில் (பின்பக்கப் பல்சக்கரத் தொகுதி) மிகச் சின்னச் சக்கரத்துக்கு 11 பல், ஸ்ராமில் 10. சக்கரச் சுற்றளவு 2.13 மீட்டர் என்றால் 54×10-க்கு 11.5 மீட்டர் வரும், 50×10 கூட 10.65. ஆக, ஸ்ராம்காரர் 10 பல் சக்கரத்தைப் பூட்டிவிட்டு 12 கியரில் ஒன்றை இழக்க வேண்டும். ஸ்ராம் புகார் கொடுக்காமல் என்ன செய்யும்?

மலைப்பாதை: செயின்ரிங்கை 49 ஆக்கினால் 10.44, பிரச்சினை தீர்ந்தது. கம்பெனியின் கேசட் முக்கியமா, ஓட்டுபவரின் உயிரா? 2023-ல் சுவிட்சர்லாந்தின் ஆல்புலா கணவாய் இறக்கத்தில் விழுந்து சைக்கிள் வீரர் ஜினோ மேடர் இறந்தார். கியருக்கு வரம்பு வேண்டும் என்று கேட்டவர்களில் பெல்ஜிய வீரர் வவுட் வான் ஆர்ட்டும் ஒருவர்.

பின்சக்கரம்: 49 போட்டால் மற்ற பதினொரு கியரும் சேர்ந்து இறங்கிவிடுமே! உயிர் என்கிறீர்கள், கணக்கைப் பாருங்கள். 10.46 மீட்டரில் நிமிடத்துக்கு 120 சுற்று மிதித்தால் மணிக்கு 75 கி.மீ. மலை இறக்கத்தில் அதைத் தாண்டியதும் யாரும் மிதிப்பதில்லை, குனிந்து காற்றைக் கிழிக்கிறார்கள். அந்த வேகத்தைத் தருவது சரிவு, கியர் இல்லை.

மலைப்பாதை: 60-க்கும் 75-க்கும் நடுவில்தான் இடம்பிடிக்கும் சண்டை. அங்கே மிதித்து முன்னேற முடியாவிட்டால் சண்டை குறையும்.

பின்சக்கரம்: குறையாது. யாராலும் பிரிந்து போக முடியாமல் மொத்தக் கூட்டமும் தோளோடு தோள் உரசி வளைவுக்குள் நுழையும்.

கோட்டு நடுவர்: இருவரும் அளக்கும் முறையை விட்டுவிட்டீர்கள். ஜூனியர் போட்டிகளில் 7.93 மீட்டர் வரம்பு இருந்த காலத்தில், பெடல் தண்டான கிராங்கைச் செங்குத்தாக நிறுத்தி, வண்டியைப் பின்னோக்கி உருட்டுவார்கள். முன்னோக்கி உருட்டினால் பின்சக்கரத்தின் ஃப்ரீவீல் பிடிக்காமல் சும்மா சுழலும், கிராங்க் திரும்பாது. கிராங்கின் ஒரு முழுச் சுற்றில் சக்கரம் தரையிலுள்ள வரம்புக் கோட்டைத் தாண்டினால் தகுதி போச்சு. டயர் அகலமும் காற்றும் அந்த அளவை மாற்றும். சுற்றளவு 2.15 மீட்டர் ஆனால் அதே 54×11, 10.55-ஐத் தொடும். இப்போது பலரும் 30 மி.மீ. டயர் போடுகிறார்கள். அப்படியானால் ஷிமானோ வண்டியும் மாட்டும். இன்னொன்று: ஜூனியர் வரம்பை 2023-ல் நீக்கியதும் இதே யுசிஐதான். இரண்டே ஆண்டில் பெரியவர்களுக்குக் கொண்டுவருவதென்றால் காரணத்தைத் தரவோடு வைக்க வேண்டாமா?

மலைப்பாதை: டயர் விஷயம் நியாயம். மீட்டரை விட்டுவிட்டு பல் விகிதத்தை, 4.91 என்று, எழுதிவிடலாம். எண்ணிப் பார்த்தாலே போதும்.

பின்சக்கரம்: அப்போதும் 50×10 என்பது 5.0. ஸ்ராம் வெளியேதான் நிற்கிறது.