சல்கினாடோபெல் பாலத்துக்கு ஏன் நடுவாந்தரத்துல மட்டும் தொப்பை?

கம்பிகட்டி:
மக்களே ஒரு சந்தேகம். சுவிட்சர்லாந்துல ஷியர்ஸ் பக்கத்துல இருக்குற சல்கினாடோபெல் பாலம் போட்டோ பாத்திருப்பீங்க, 1930ல கட்டினது, ரெண்டு மலைக்கு நடுவுல வெள்ளையா, 90 மீட்டர் ஸ்பேன் (ஒரு காலுக்கும் இன்னொரு காலுக்கும் இடைவெளி), கான்கிரீட் ஆர்ச். நான் படிச்ச ஆர்ச் எல்லாம் காலு கிட்ட தடியா, உச்சில மெல்லிசா இருக்கும், லோடு கடைசில அங்கதான இறங்குது, அதுனால அது சரின்னும் படுது. ஆனா இது பாறைல வந்து உக்கார்ற இடத்துலயும் ஒல்லி, உச்சிலயும் ஒல்லி, ரெண்டுக்கும் நடுவுல மட்டும் தொப்பை தள்ளிட்டு நிக்குது. அழகுக்காக பண்ணதா இல்ல கணக்கா? அப்புறம் அவ்ளோ ஆழமான பள்ளத்துல சாரம் எப்படிதான் கட்டினாங்க??

சைட்டு சாமி:
கணக்குதான் ப்ரோ. அது மூணு ஹிஞ்ச் வெச்ச ஆர்ச், ரெண்டு கால்லயும் ஒண்ணு ஒண்ணு, உச்சில ஒண்ணு. ஹிஞ்ச்னா கதவு கீல் மாதிரி, திரும்பிக் குடுத்துரும், அதனால வளைக்கிற விசை அங்க ஏறாது, அதாவது அங்க மொமென்ட் சைபர். பாலம் முழுக்க சமமா லோடு இருந்தா ஆர்ச்சுல அமுக்கம் மட்டும்தான். ஒரு லாரி ஒரு பாதிக்கு மட்டும் வந்து நிக்கும்போதுதான் வம்பு, லாரி இருக்குற பக்கம் அமுங்கும், எதிர் பக்கம் மேல உப்பும், அந்த வளைவு அதிகமா வர்றது ஸ்பேன்ல நாலுல ஒரு பங்கு தூரத்துல, அதாவது காலுக்கும் உச்சிக்கும் நடுவுல. அங்கதான் தொப்பை.

நம்பலன்னா ரெண்டு பிளாஸ்டிக் ஸ்கேல் எடு, உச்சில டேப் ஒட்டி கூரை மாதிரி நிறுத்து, காலு நகராம ரெண்டு பக்கமும் புத்தகம் முட்டு குடு, ஒரு ஸ்கேலுக்கு நடுவுல விரல வெச்சு அமுக்கு. டேப் போட்ட இடமும் முட்டு குடுத்த இடமும் சும்மா திரும்பும், விரல் இருக்குற இடம்தான் வளையும். அந்த எடத்துல ஸ்கேல் தடியா இருந்தா போதும்ல, அவ்ளோதான் மேட்டர்.

பழைய பாலம் பைத்தியம்:
சாமி சொன்னது சரி, ஆனா இந்த ஷேப் ஒரே நாள்ல வந்தது இல்ல, ஒரு விரிசல்லேர்ந்து வந்தது. டிசைன் பண்ண ராபர்ட் மையார் 1901லயே சுவோட்ஸ்ங்கற ஊர்ல இன் ஆத்து மேல ஒரு பாலம் கட்டுறாரு, 38 மீட்டர். அதுவரைக்கும் ஆர்ச் தனி, மேல ரோடு தனி, நடுவுல இருக்குற செவுரு சும்மா மண்ண தாங்கன்னுதான் வெச்சிருந்தாங்க. இவரு மூணையும் சேத்து உள்ள காலியா ஒரு பொட்டி ஆக்கிட்டாரு. ரெண்டு வருஷம் கழிச்சு பாத்தா கரை ஓரத்துல பக்கச் செவுத்துல விரிசல். வேற யாராவதா இருந்தா பூசி மூடிட்டு இன்னும் ரெண்டு கம்பி சேத்து போட்டிருப்பாங்க. இவரு என்ன யோசிச்சாருன்னா, இங்க செவுரு விரிசல் விட்டும் பாலம் நல்லாத்தான நிக்குது, அப்ப இந்தச் செவுரு வேலையே பாக்கலன்னு. 1905ல ரைன் ஆத்து மேல தவனாசா பாலம் கட்டும்போது (51 மீட்டர்) அந்தப் பகுதிய முக்கோணமா வெட்டியே எடுத்துட்டாரு. நீங்க கேட்ட ஒல்லி காலு அங்கதான் பொறந்துச்சு.

தவனாசா 1927ல மலைச்சரிவுல அடிச்சிட்டுப் போயிடுச்சு, அது தனி சோகம். 1928ல சல்கினாடோபெல் பாலத்துக்கு டிசைன் போட்டி வந்ததும் அதே ஐடியாவ இன்னும் பெருசா எடுத்துட்டு வந்தாரு, வந்ததுலயே அவரோட டிசைன்தான் விலை கம்மி.

சாரம் போட்டது ரிச்சர்ட் கோராய்னு ஒரு ஆளு, முழுக்க மரம், பள்ளத்துக்குள்ளேர்ந்து விசிறி மாதிரி விரிஞ்சு மேல வரும், பாலத்த விட அந்தச் சாரத்தோட போட்டோவத்தான் நான் அதிகம் பாத்திருக்கேன். இதுல ஒரு சூட்சுமம் இருக்கு. அந்தச் சாரம் மொத்தப் பாலத்த தாங்கத் தேவையில்ல, அடில இருக்குற மெல்லிசு ஆர்ச் ஸ்லாப்ப மட்டும் தாங்கினா போதும். அது இறுகினதும் மேல வர்ற செவுரு, ரோடு எல்லாத்தையும் அதுவே சுமக்க ஆரம்பிச்சிடும். சாரம் லேசா போச்சு, செலவும் கொறஞ்சுது.

அனாமதேயம்7:
அப்ப மூணு ஹிஞ்ச் வெச்சா ஸ்ட்ராங் அதிகம்னு எடுத்துக்கலாமா?

சைட்டு சாமி:
இல்ல இல்ல, ஸ்ட்ராங் அதிகம்னு இல்ல, உள்ள எவ்ளோ விசை இருக்குன்னு நிச்சயமா சொல்ல முடியும், அதுதான் லாபம். கரை கொஞ்சம் நகந்தாலும், வெயில்ல கான்கிரீட் விரிஞ்சாலும், உச்சி லேசா மேல போயி கீழ வரும், உள்ள புதுசா எந்த விசையும் ஏறாது, அதுனால கையால கணக்குப் போட்டே முடிச்சிரலாம்.

பழைய பாலம் பைத்தியம்:
ஆனா ஹிஞ்ச் வெச்சா எல்லாம் தீந்துச்சுன்னும் நெனைக்காதீங்க. சல்கினாவுக்கு முன்னாடியே, 1911 வாக்குல, பிரான்ஸ்ல ஃப்ரெசினேங்கற இன்ஜினியர் லெ வேர்த்ர்னு ஒரு பாலம் கட்டினாரு, உச்சில ஹிஞ்ச் வெச்ச ரொம்ப தட்டையான ஆர்ச், மூணு ஸ்பேன், ஒவ்வொண்ணும் 70 மீட்டருக்கு மேல. கட்டி முடிச்ச கொஞ்ச மாசத்துல உச்சி மெதுவா எறங்க ஆரம்பிச்சிடுச்சு, கான்கிரீட் லோடுக்கு அடியில நாள்பட நாள்பட சுருங்கிட்டே போகும்னு அப்ப யாருக்கும் சரியா தெரியாது. மனுஷன் உச்சில ஜாக்கி வெச்சு ஆர்ச்ச தூக்கி, அந்த ஹிஞ்ச் இடத்தையே கான்கிரீட் போட்டு அடைச்சிட்டாரு. தட்டையான ஆர்ச்சுக்கு உச்சி ஹிஞ்ச் எமன் மாதிரி. சல்கினா 90 மீட்டருக்கு 13 மீட்டர் உயரம் எழும்புது, அதனால பொழச்சுது.

மலைப்பாதை:
நான் அங்க போயிருக்கேன், மேல ஷூடர்ஸ்ங்கற கிராமத்துக்குப் போற ரோடு அது, பாலத்து மேல நின்னா ஒண்ணுமே தெரியாது, ஒரு வண்டி போற அளவு குறுகலான ரோடு அவ்ளோதான், ‘இதுக்கா இவ்ளோ பில்டப்’னு தோணும். கீழ ஒத்தையடிப் பாதைல எறங்கிப் பாக்கணும். கான்கிரீட்ல சென்டரிங் பலகையோட தடம் கோடு கோடா தெரியும். 1997, 98ல பெரிய ரிப்பேர் பண்ணப்பகூட அந்தப் பலகைத் தடம் போகாம பாத்து பண்ணாங்களாம். இன்னொண்ணு, பக்கவாட்டுல அடிக்கிற காத்துக்கு அசையாம நிக்க, ஆர்ச் காலு கிட்ட போகப் போக அகலமாகுது, சைடுலேர்ந்து எடுத்த போட்டோல அது தெரியாது.

கம்பிகட்டி:
ஓ அகலமாகுறது காத்துக்கா! நான் ஒல்லி ஒல்லின்னு சொன்னதே சைடுலேர்ந்து மட்டும் பாத்துதான் போல. ஸ்கேல் வெச்சு பண்ணிப் பாத்தேன் சாமி, டேப் பிச்சுக்கிச்சு, ஆனா புரிஞ்சுது.