காரைக்கால் அம்மையார் முன்னால் செருப்பைக் கழற்றிய அம்மா

வெள்ளவத்தைக்காரி:
நான்கு வருஷம் கொழும்பு கம்பஸில் படித்தும், நடக்கிற தூரத்தில் இருந்த தேசிய நூதனசாலைக்குள் ஒருநாள்கூடக் கால் வைத்ததில்லை. போன மாதம் அம்மா யாழ்ப்பாணத்திலிருந்து கண் கிளினிக்குக்கு வந்திருந்தார். அலுவல் பத்து மணிக்கே முடிந்தது. வெயிலோ கொளுத்தியது. சரி, நிழலில் நிற்கலாம் என்றுதான் ரிக்கற் எடுத்தோம்.

கண்டி அரசரின் சிம்மாசனத்தைக்கூட அம்மா நின்று பார்க்கவில்லை. பொலன்னறுவை வெண்கலங்களிடம் வந்ததும் கால் நகரவில்லை. கண்ணாடிக்குள் காரைக்கால் அம்மையார். விலா எலும்பை எண்ணலாம். மார்பு வற்றித் தொங்குகிறது. கையில் தாளம். முகத்தில் மட்டும் அப்படியொரு சிரிப்பு, பாட்டின் நடுவில் யாரோ கூப்பிட்டுத் திரும்பியவர் மாதிரி.

“கோவில்ல அறுபத்துமூவர் வரிசையில இவவைக் கும்பிட்டிருக்கிறன். பட்டுக்குள்ள முகம் மட்டுந்தான் தெரியும். உடம்பு இப்பிடியெண்டு இண்டைக்குத்தான் பாக்கிறன்” என்றபடி செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார்.

காவலாளி கிட்ட வந்தார். ஏசப்போகிறார் என்று நினைத்தேன். அவரோ, இந்தக் கிழவி யார் என்று சிங்களத்தில் கேட்டார். அம்மா கதையைச் சொல்ல, நான் மொழிபெயர்த்தேன். கணவன் கொடுத்தனுப்பிய மாம்பழம் வரை, ‘அம்ப’ என்று ஒப்பேற்றிவிட்டேன். அழகை உதறிப் பேய் வடிவம் வாங்கிய இடத்தில் ‘யக்கா’ என்று விட்டதும், மனிதர் திடுக்கிட்டுச் சிலையைத் திரும்பப் பார்த்தார்.

வீட்டுக்கு வந்துதான் தேடி வாசித்தேன். 1907, 1908 வாக்கில் பெல் என்ற தொல்பொருள் ஆணையாளர் பொலன்னறுவைச் சிவன் கோவில்களைத் தோண்டியபோது இப்படிப்பட்ட வெண்கலங்கள் கிடைத்தனவாம். மெழுகில் உருச்செய்து, மேலே மண் பூசி, மெழுகை உருக்கி வடித்து, அந்த வெற்றிடத்தில் உலோகத்தை ஊற்றுவார்கள். சிலையை எடுக்க மண் அச்சை உடைத்தாக வேண்டும். அதனால் அந்த விலா எலும்புகளை அதே அச்சில் இன்னொரு தரம் வார்க்க வழியில்லை. 1914இல் கொழும்பு வெண்கலங்களைப் பற்றிப் புத்தகம் எழுதிய கலை வரலாற்றாசிரியர் ஆனந்த குமாரசுவாமி பிறந்ததும் கொழும்பில்தான், இந்த நூதனசாலை திறந்த அதே 1877இல்.

தெஹிவளை அண்ணை:
தங்கச்சி, எனக்கு அங்கே சிலையை விடக் கல்லில்தான் கண். காலியில் 1911இல் கண்டெடுத்த மும்மொழிக் கல்வெட்டு. சீனம், தமிழ், பாரசீகம். சீனத் தளபதி செங் ஹே கொண்டுவந்தது, 1409ஆம் ஆண்டு என்று திகதி பொறித்தது. கண்டெடுத்தபோது மதகு மூடியாகக் கிடந்ததாம்! தமிழ்ப் பகுதி தெற்கே தெவிநுவரைக் கோவில் தெய்வமான நாயனாருக்குக் காணிக்கை வைத்ததைச் சொல்கிறது. ஆயிரம் பொன், ஐயாயிரம் வெள்ளி என்று கணக்கு நீளும். நான் அரை மணித்தியாலம் குனிந்து நின்று எழுத்துக் கூட்டினேன். நாலு சொல்தான் பிடிபட்டது. முதுகு பிடித்ததுதான் மிச்சம்.

வெள்ளவத்தைக்காரி:
ஐயோ அண்ணை, அந்தக் கல்லைக் கவனிக்கவேயில்லை. அம்மாவுக்கு அடுத்த மாதம் மற்றக் கண் கிளினிக் இருக்கிறது.