மண்டபம் ஊர் உப்புக்காற்றில் 1/35 சிப்பாய் பொம்மை: புதுப்பிப்பு

1944 பர்மா போர்முனையில் நின்ற மெட்ராஸ் ரெஜிமென்ட் வீரரை 1/35 அளவில், அதாவது நிஜ ஆளின் முப்பத்தைந்தில் ஒரு பங்கு உயரத்தில், பொம்மையாகச் செய்கிறேன் என்றும், பெயிண்டின் மேல் பூசும் பளபளப்பில்லாத மேட் வார்னிஷை ஸ்ப்ரேயாக அடித்தால் இங்கே வெள்ளையாகப் பூத்துவிடுமோ என்றும் போன பதிவில் கேட்டிருந்தேன். பலரும் சொன்னபடி ஸ்ப்ரேயை விட்டுவிட்டு, தண்ணீரில் கலக்கும் மேட் வார்னிஷைத் தூரிகையால் இரண்டு மெல்லிய பூச்சாகக் கொடுத்தேன். பூக்கவே இல்லை. காற்றில் ஈரம் மிகுந்தால் ஸ்ப்ரே காயும்போது அந்த ஈரமும் படிந்து வெளுக்கிறது, அவ்வளவுதான்.

என் மனம் முழுக்க முகத்தில்தான் இருந்தது. கடையில் 'சதை நிறம்' என்று விற்பது வெள்ளைக்காரர் நிறம். நம் ஆளுக்குச் செம்பழுப்பு அடிப்பூச்சு வேண்டும். மேடான இடங்களுக்கு வெள்ளை கலந்தால் சாம்பல் பூசியது போலாகிவிடும். ஆரஞ்சும் காவியும் கலந்தேன். மூக்கிலும் கன்னத்திலும் வெயில் பட்ட மினுக்கம் அப்படியே வந்தது. ஐந்து சென்டிமீட்டர் உருவம்தான், ஆனாலும் பாம்பன் பக்கம் நாம் பார்க்கிற ஒரு முகம் அதில் தெரிகிறது!

சீருடைக்குக் காக்கி வேண்டாம், பர்மாவில் அப்போது காட்டுப்பச்சை. அப்புறம், லீ என்ஃபீல்டு துப்பாக்கியின் கட்டைக்கு மரநிறம் இன்னும் பாக்கி. யாரிடமாவது நல்ல கலவை இருந்தால் சொல்லுங்கள்.