தரைக்கு அடியில் ஓடும் ஹீட்டிங் பைப்புக்கு உறை போடலாமா? (லெஸ்டர், 1905 டெரஸ் வீடு)

லெஸ்டர் குளிர்

வணக்கம். போன வருஷம் இங்கிலாந்தில், லெஸ்டரில் ஒரு பழைய டெரஸ் வீடு (பக்கத்து வீடுகளோடு சுவர் ஒட்டி வரிசையாகக் கட்டியது) வாங்கினோம். 1905 வாக்கில் கட்டியது. முன் அறை, நடு அறை, நடை மூன்றுக்கும் பலகைத் தரை. பின்னால் சமையலறை மட்டும் பிற்பாடு சேர்த்தது, அங்கே கான்கிரீட். ஹீட்டிங்குக்கும் குழாய் வெந்நீருக்கும் சேர்த்து இருக்கிற காம்பி பாய்லரும் அங்கேதான். தொல்லை தருவது முன் அறை ரேடியேட்டர் (பாய்லரின் வெந்நீர் உள்ளே ஓடி அறையைச் சூடாக்குமே, அது). பாய்லர் ஓட ஆரம்பித்து ஒரு மணி நேரம் ஆனாலும் அது வெதுவெதுப்பைத் தாண்டுவதில்லை. மற்ற அறைகளில் ரேடியேட்டர் மேல் கை வைக்க முடியாது.

ஞாயிற்றுக்கிழமை மாடிப்படிக்குக் கீழே உள்ள அலமாரியில் செருப்புகளை எல்லாம் எடுத்துப் போட்டுவிட்டுப் பார்த்தால், தரைப் பலகையில் ஒரு மூடி இருக்கிறது. திறந்து டார்ச் அடித்துக் குனிந்தேன். சில்லென்று காற்று முகத்தில் அடித்தது. உள்ளே அரை மீட்டர் உயரம்கூட இருக்காது. வெறும் மண், உடைந்த செங்கல், எந்தக் காலத்துச் சிகரெட் டப்பாவோ ஒன்று. தரையைத் தாங்கும் ஜாயிஸ்ட் கட்டைகளின் அடிப்பக்கமாக இரண்டு செம்புக் குழாய்கள் ஜோடியாக முன் அறை வரைக்கும் போகின்றன. மேலே ஒரு நூல்கூடச் சுற்றவில்லை. தொட்டால் சுடுகிறது. எலிகளுக்கு ஹீட்டிங் போட்டுக் கொடுத்துக்கொண்டிருக்கிறேன் என்று அப்போதுதான் உறைத்தது.

அளந்து பார்த்தேன். 22 மி.மீ. குழாய் போவதும் வருவதுமாக 14 மீட்டர், 15 மி.மீ. குழாய் 18 மீட்டர். கடையில் கிடைக்கும் 9 மி.மீ. தடிமனுள்ள ஃபோம் உறையை வாங்கி மாட்டிவிட்டு, காற்று வருகிற அந்த ஓட்டைச் செங்கல்களைக் குளிர்காலம் முடியும்வரை பேப்பர் வைத்து அடைத்துவிடலாம் என்று நினைக்கிறேன். சரிதானா? இன்னொன்று: முன் அறைக்குப் பக்கத்தில் ஒரு தடித்த பழைய குழாயில் வெள்ளையாக, சுண்ணாம்பு பூசின மாதிரி ஏதோ சுற்றியிருக்கிறது. அதைப் பிய்த்துவிட்டுப் புது உறை போடவா?

பனிப்பூ

பிய்க்காதீர்கள்!! அடைக்கவும் அடைக்காதீர்கள். பெரியவர்கள் யாராவது வந்து விளக்குவார்கள். அதுவரை மூடியை மூடி வையுங்கள்.

ஹாரோ அண்ணை

தம்பி, பனிப்பூ சொன்னது இரண்டும் சரி. முப்பது வருஷமாக இந்த வீடுகளின் அடியில்தான் தவழ்ந்துகொண்டிருக்கிறேன். முழங்கால் இரண்டும் சாட்சி.

முதலில் அந்த வெள்ளைச் சுற்று. அஸ்பெஸ்டஸாக இருக்கலாம். இந்த நாட்டில் நீலமும் பழுப்பும் 1985இல்தான் தடை, வெள்ளை 1999இல். அதற்கு முந்திய வீடு எதிலும் இருக்கக்கூடும். பைப் சுற்று என்றால் அது மோசமான வகை, தொட்டாலே தூளாகும். அதைக் கழற்ற லைசன்ஸ் உள்ள ஆட்கள்தான் வர வேண்டும். நீங்களாகத் துண்டு வெட்டி எடுக்க வேண்டாம். சர்வே செய்கிற ஒருவரைக் கூப்பிட்டு மாதிரி எடுத்து லாபுக்குக் கொடுங்கோ. பதில் வரும்வரை கீழே இறங்க வேண்டாம்.

அடுத்தது அந்த ஓட்டைச் செங்கல். ஏர்பிரிக் என்று சொல்வது. முன்சுவரில் இரண்டு, பின்னால் இரண்டு என்று வைத்திருப்பான். மண்ணிலிருந்து ஈரம் ஏறிக்கொண்டே இருக்கும், அதை வெளியே கொண்டுபோவது அந்தக் காற்றுத்தான். அதை அடைத்தால் இரண்டு மூன்று குளிர்காலத்தில் ஜாயிஸ்ட் முனைகள் சுவருக்குள் இருக்கிற இடத்தில் பஞ்சு மாதிரிப் போய்விடும். பாடைகட்ட வேண்டியது தரைக்குத்தான். நிறையப் பேர் செய்கிற பிழை இது. வெளியே பூச்செடிக்கு மண் கொட்டி மூடி வைத்திருக்கிற வீடும் பார்த்திருக்கிறேன். உங்கள் வீட்டில் பின்பக்க ஏர்பிரிக் சமையலறை கட்டும்போது மறைந்திருக்கும், அதையும் ஒருக்கால் வடிவாகப் பாருங்கோ.

ஆனபடியால் ஒன்றை மனதில் வையுங்கோ. தரைக்கு அடியில் இருப்பது வீட்டின் உள்பக்கம் இல்லை. அது வெளி. பைப் தோட்டத்தில் ஓடுகிறது என்று நினைத்துக்கொண்டு உறை போடுங்கோ. அப்படிப் பார்த்தால் 9 மி.மீ. காணாது.

கணக்குப்பிள்ளை

ப்ரோ, ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். குழாயில் தண்ணீர் 60 டிகிரி, அடியில் காற்று 10 டிகிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். வெறும் 22 மி.மீ. குழாய் மீட்டருக்குச் சுமார் 35 வாட் விடும், 15 மி.மீ. சுமார் 24 வாட். உங்கள் நீளத்துக்குப் பெருக்கினால் 900 வாட்டை ஒட்டி வருகிறது. திரும்பி வரும் குழாய் கொஞ்சம் ஆறியிருக்கும், அதனால் 800 என்று வையுங்கள். அதாவது ஒரு சின்ன ரேடியேட்டரே மண்ணுக்குள் ஓடிக்கொண்டிருக்கிறது.

9 மி.மீ. உறை போட்டால் இது 400க்கு வரும். 19 போட்டால் 300. அதற்கு மேல் 25க்குப் போனால் ஏதோ முப்பது நாற்பது வாட் குறையும், அவ்வளவுதான். முதல் உறை பாதி வேலையை முடித்துவிடுகிறது, மிச்சமெல்லாம் சில்லறை. ஆனால் 19க்கும் 9க்கும் விலை வித்தியாசம் அதிகமில்லை, தவழுகிற சிரமமும் ஒன்றேதான். ஒரே தடவை போகிறீர்கள், 19ஆகவே வாங்கிவிடுங்கள். ஒரு நாளைக்கு 6 மணி நேரம் ஹீட்டிங் ஓடினால் ஏறக்குறைய 3 யூனிட் மிச்சம். விலையை உங்கள் கேஸ் பில்லில் பார்த்துக்கொள்ளுங்கள்.

மூன்றாம் மாடி

எதற்கு இவ்வளவு பாடு? பாய்லரில் வெப்பத்தை 75க்கு ஏற்றிவிட்டால் முன் அறையும் சுட்டுவிடுமே.

கணக்குப்பிள்ளை

சுடும், மண்ணும் சேர்த்துச் சுடும். இப்போதைய பாய்லர்கள் எல்லாம் கண்டென்சிங் வகை. திரும்பி வரும் தண்ணீர் 55 டிகிரிக்குக் கீழே இருந்தால்தான் புகையில் இருக்கிற நீராவி குளிர்ந்து அந்தச் சூட்டையும் திருப்பித் தரும். 75 வைத்தால் அந்த லாபம் கையை விட்டுப் போகும்.

லெஸ்டர் குளிர்

எல்லோருக்கும் நன்றி. பேப்பர் யோசனையைக் கைவிட்டேன். ஆள் வந்து மாதிரி எடுத்துப் போயிருக்கிறார்.

இன்னும் இரண்டு சந்தேகம். ஜோடிக் குழாய்களுக்கு நடுவில் ஒரு விரல்தான் நுழையும், 19 மி.மீ. உறை எப்படி உள்ளே போகும்? அப்புறம், கீழே மூன்றாவதாக ஒரு செம்புக் குழாய் தனியாகப் போகிறது. அது சுடவில்லை. அதற்கும் போடவா?

ஹாரோ அண்ணை

மூன்றாவது பெரும்பாலும் கேஸ். மீட்டரிலிருந்து தொடர்ந்து பாருங்கோ. கேஸ் என்றால் அதைச் சும்மா விடுங்கோ. அதில் கை வைக்கிற வேலை என்றால், கேஸ் வேலைக்கு என்று இருக்கிற கேஸ் சேஃப் பதிவு உள்ளவர்தான். தண்ணீர்ப் பைப்புக்கு உறை போட ஒரு பதிவும் தேவையில்லை. அது குளிர்ந்த தண்ணீர்ப் பைப்பாக இருந்தால் கட்டாயம் போடுங்கோ, உறைந்து வெடிப்பது அதுதான் முதலில். 2010 டிசம்பரில் எனக்கு ஒரு நாள்கூட ஓய்வில்லை. ஆனால் உறை சூடு தராது, இருக்கிற சூட்டைக் கொஞ்சம் நேரம் பிடித்து வைக்கும், அவ்வளவுதான். ஊருக்கு இரண்டு கிழமை போவதென்றால் ஹீட்டிங்கை முழுக்க அணைக்காமல் குறைத்து வையுங்கோ.

ஜோடிப் பைப்புக்கு: கிளிப்பைக் கழற்றினால் பைப் கொஞ்சம் அசையும், இரண்டையும் விலக்கிப் பிடித்து உறையைத் திணிக்கலாம். அப்படியும் போகாத இடத்தில் 13 போடுங்கோ. உறை ஒரு பக்கம் நீளமாகக் கீறியிருக்கும், அந்த வாய் மேலே பார்க்காமல் கீழேயோ பக்கமாகவோ இருக்கட்டும், டேப் ஒட்டக் கை எட்டும். முழங்கை வளைவில் சும்மா மடக்கி விட்டால் வெளிப்பக்கம் வாய் பிளந்துவிடும். இரண்டு துண்டையும் 45 டிகிரியில் சாய்த்து வெட்டிச் சேர்த்து ஒட்டுங்கோ. அதற்குப் பாண் வெட்டுகிற கத்திதான் திறம், மனுசியிடம் கேட்டுவிட்டு எடுங்கோ. கேபிள் டை போட்டால் நசுக்கக் கூடாது, நசுங்கின இடத்தில் உறை இல்லாத மாதிரித்தான்.

கட்டையில் வெட்டின காடியில் பைப் இறுகிக் கிடந்தால் ஒரு துண்டு ஃபெல்ட் வையுங்கோ. சூடேறினால் செம்பு மீட்டருக்கு ஒரு மில்லிமீட்டர் நீளும். இரவில் டக் டக் என்று சத்தம் வருவது பேய் இல்லை.

முக்கியம்: உறை போடுமுன் ஒவ்வொரு மூட்டையும் லைட் அடித்துப் பாருங்கோ. உறைக்குள் ஒழுகினால் வருஷக்கணக்கில் தெரியாது. பொயிலரில் பிரஷர் இறங்குகிறதா?

லெஸ்டர் குளிர்

நீங்கள் கேட்ட பிறகுதான் உறைக்கிறது. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை 1.5 பாரிலிருந்து 0.8க்கு இறங்கும். நான் பாய்லருக்கு அடியில் உள்ள நிரப்பும் வால்வைத் திறந்து தண்ணீர் விட்டு ஏற்றிவிடுவேன். எல்லா வீட்டிலும் அப்படித்தான் என்று நினைத்தேன்.

ஹாரோ அண்ணை

எல்லா வீட்டிலும் அப்படி இல்லை. எங்கேயோ ஒழுகுது. ஒவ்வொரு முறையும் புதுத்தண்ணீர் விடும்போது புது ஒட்சிசனும் உள்ளே போகுது, றேடியேற்றர் உள்ளுக்குள் துருப்பிடிச்சுக் கறுப்புச் சேறாகும். முன் அறை சூடாகாததுக்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். தேடுங்கோ.

லெஸ்டர் குளிர்

மூன்று வாரம் கழித்து வருகிறேன், மன்னிக்கவும்.

வெள்ளைச் சுற்றில் அஸ்பெஸ்டஸ் இல்லை என்று லாப் எழுதிக் கொடுத்துவிட்டது. பழைய கம்பளித் துணி போல ஒன்றைச் சுற்றி மேலே பூசியிருக்கிறார்கள். குழாயே இப்போது எதிலும் சேரவில்லை, செத்த குழாய்.

சனிக்கிழமை காலை இறங்கினேன். முகமூடி, தலையில் விளக்கு, முழங்காலுக்குப் பட்டை. மனைவி மேலே அலமாரி வாசலில் உட்கார்ந்து பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை "இருக்கீங்களா?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள். நாலு மீட்டர் தவழ்ந்ததும் கிடைத்துவிட்டது. நடு அறைக்குப் பிரிகிற முழங்கை மூட்டில் பச்சையாகப் பூத்துக் கிடக்கிறது, பாசி மாதிரி. கீழே மண்ணில் ஒரு தட்டு அளவு ஈரம். விரல் வைத்துக் காத்திருந்தேன். ஒரு சொட்டு சேர அரை நிமிஷம் ஆயிற்று. இரண்டு வாரத்துக்கு 0.7 பார் இந்த வழியாகத்தான் போயிருக்கிறது.

பிளம்பர் வந்து மூட்டை மாற்றினார். பற்ற வைக்கும்போது பூசிய ஃப்ளக்ஸ் பசையைத் துடைக்காமல் விட்டதுதான் காலப்போக்கில் செம்பை அரித்திருக்கிறது என்றார். அரிப்பைத் தடுக்கும் மருந்தும் ஊற்றினார். இரண்டு நாள் 1.5இலேயே நின்றதைப் பார்த்துவிட்டுத்தான் உறை போட்டேன். முழுசாக ஒன்றரை நாள் வேலை. பிரெட் கத்தி போயே போயிற்று.

தொடாமலே சூடு பார்க்கும் வெப்பமானி ஒன்றும் வாங்கினேன், துப்பாக்கி மாதிரி இருக்குமே அது. வெறும் செம்பு மேல் காட்டினால் 31 என்றது, கையோ சுட்டுப்போயிற்று. பளபளப்பான உலோகத்தில் அது ஏமாறுமாம். கறுப்பு டேப் ஒட்டி அதன் மேல் காட்டினால் சரியாக வருகிறது. உறைக்கு முன்: பாய்லர் வாசலில் 62, முன் அறை ரேடியேட்டர் வாசலில் 55. உறைக்குப் பின்: 62, 60.

ஆனாலும் ரேடியேட்டர் முழுசாகச் சூடாக இன்னும் முக்கால் மணி நேரம் எடுக்கிறது.

கணக்குப்பிள்ளை

7 டிகிரி இழப்பு 2 ஆகியிருக்கிறது, அருமை. மிச்சம் தண்ணீர்ப் பங்கீடு. பாய்லருக்குப் பக்கத்து ரேடியேட்டர்கள் எல்லாத் தண்ணீரையும் குடித்துவிடுகின்றன. ஒவ்வொன்றிலும் மறுமுனையில் தொப்பி போட்ட வால்வு ஒன்று இருக்கும், லாக்ஷீல்ட். பக்கத்தில் இருப்பவற்றை முழுக்க மூடி அரைச் சுற்று மட்டும் திறங்கள். முன் அறையை முழுக்கத் திறந்து விடுங்கள். ஒவ்வொரு மாற்றத்துக்கும் நடுவில் அரை மணி நேரம் பொறுங்கள்.

லெஸ்டர் குளிர்

செய்தேன். நடு அறை வால்வு முழுசாகத் திறந்து கிடந்தது, முன் அறையுடையது கால் சுற்றுதான் திறந்திருந்தது! யார் வைத்த கையோ. இப்போது இருபது நிமிஷத்தில் முன் அறையில் கை வைக்க முடியவில்லை.

ஒரு புதுப் புகார் வந்திருக்கிறது. அம்மா திருநெல்வேலியிலிருந்து வந்திருக்கிறார். நடையில் மாடிப்படி ஓரமாக ஒரு இடத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து போனில் பேசுவார். ஏன் அங்கே என்று நான் கேட்டதே இல்லை. நேற்று, "இந்த இடத்துல காலுக்கு இதமா இருக்கும், இப்போ ஐஸ் மாதிரி இருக்கே, என்னடா பண்ணின?" என்கிறார். நேர் கீழேதான் 22 மி.மீ. ஜோடி ஓடுகிறது.

ஹாரோ அண்ணை

அம்மாவுக்கு ஒரு கம்பளம் வாங்கிக் கொடுங்கோ. அடுத்த கோடையில் ஜாயிஸ்ட்டுக்கு நடுவில் வலை கட்டிக் கம்பளி இன்சுலேஷன் போடுங்கோ, ஏர்பிரிக்கை மறைக்காமல். பைப் கட்டைக்குக் கீழே ஓடுகிறபடியால் அது அந்தக் கம்பளிக்கும் வெளியேதான் இருக்கும், இப்போது போட்ட உறையைக் கழற்ற வேண்டாம். ஆளை வைத்துச் செய்வித்தால் 2027 மார்ச் முடியும்வரை அதற்கு VAT என்கிற விற்பனை வரி இல்லை, நீங்களே சாமான் வாங்கினால் 20 வீதம் உண்டு.

லெஸ்டர் குளிர்

திரும்பவும் அதற்குள் இறங்குவதென்றால் ஆள்தான், அண்ணா. கம்பளம் இன்று மாலையே.