ஜி.எஸ்.டி. சாலை: உயர்மட்டச் சாலை வரும்வரை எதைக் கேட்பது?

கேள்வி – கூடுவாஞ்சேரி குடியிருப்பாளர்

2023 டிசம்பர் இறுதியில் கிளாம்பாக்கம் பேருந்து முனையம் திறக்கப்பட்டதிலிருந்து, வண்டலூருக்கும் கூடுவாஞ்சேரிக்கும் இடையே, சென்னையிலிருந்து தெற்கே செல்லும் ஜி.எஸ்.டி. சாலையின் நெரிசலே வேறு தன்மையுடையதாகிவிட்டது. வெளியூர்ப் பேருந்துகள் இங்கேயே திரும்புகின்றன. அவற்றைப் பிடிக்க வருவோர் மூட்டை முடிச்சுகளோடும் குழந்தைகளோடும் சாலையைக் கடக்கிறார்கள். உயர்மட்டச் சாலை வரும்வரை, குறைந்த செலவில் உடனே செய்யக்கூடியவற்றைக் கேட்டு எங்கள் சங்கம் மனு அளிக்க இருக்கிறது. மையத்தடுப்பின் இடைவெளிகள் அனைத்தையும் அடைக்கச் சொல்லலாம் என்பது பெரும்பாலோர் கருத்து. இது சரியா?

பதில் – ஓய்வுபெற்ற சாலைப் பொறியாளர்

அனைத்தையும் அடைக்கச் சொல்லாதீர்கள். அடுத்த யூ டர்ன் தொலைவில் இருந்தால் இருசக்கர வாகனங்கள் எதிர்த்திசையில் வரத் தொடங்கும். நடப்பவர்கள் தடுப்பின் மேல் ஏறிக் கடப்பார்கள். அது இப்போதுள்ளதைவிடக் கொடியது. மக்கள் உண்மையில் கடக்கும் இடங்களைக் காலையிலும் இரவிலும் நின்று பார்த்துக் குறித்துக்கொண்டு, அங்கே மட்டும் நடப்பவர் கடப்பதற்கான வரிக்கோடுகளும், தடுப்பின் நடுவில் நின்று இளைப்பாறப் போதிய இடமும், நல்ல விளக்கும் கேளுங்கள். மற்ற இடைவெளிகளை அதன் பிறகு அடைக்கலாம்.

வேகத்தையும் சேர்த்துப் பாருங்கள். இந்திய சாலைக் காங்கிரஸ் கணக்கின்படி 80 கி.மீ. வேகத்தில் வரும் வாகனம் பாதுகாப்பாக நிற்க 120 மீட்டர் தேவை; 60 கி.மீ. என்றால் 80 மீட்டர் போதும். ஆகவே கடக்கும் இடத்துக்கு வெகு முன்பே எச்சரிக்கைப் பலகையும், சாலைக்குக் குறுக்கே அதிர்வுப் பட்டைகளும் வேண்டும். ஓட்டுநரின் பார்வையை மறைக்கும் விளம்பரப் பலகைகளை அகற்றுவதற்குச் செலவே இல்லை.

பதில் – தனியார் நிறுவனப் பேருந்து ஓட்டுநர்

பொறியாளர் ஐயா சொல்வதை ஏற்கிறேன். ஆனால் நெரிசலுக்குப் பெரிய காரணம் பேருந்து நிற்கும் இடம்தான். சந்திப்புக்கு முன்பாக ஒரு பேருந்து நின்றால், பின்னால் வருபவை இடது ஓரத்திலிருந்து விலகி நடுத்தடத்துக்குப் பாய்கின்றன. நிறுத்தத்தைச் சந்திப்பைத் தாண்டி வைத்து, ஷேர் ஆட்டோக்களுக்குத் தனி இடம் ஒதுக்கினாலே போக்குவரத்து பாதி சீராகும். இரவில் ஓரத்தில் விளக்கில்லாமல் நிற்கும் லாரிகளைப் பற்றியும் தயவுசெய்து எழுதுங்கள்.

கேள்வியாளர்

நன்றி. சிக்னல் வைக்கச் சொல்லலாமா? மனுவை யாரிடம் கொடுப்பது?

பதில் – ஓய்வுபெற்ற சாலைப் பொறியாளர்

சிக்னல் கேட்டால் நேரத்தையும் சேர்த்துக் கேளுங்கள். 3.5 மீட்டர் அகலமுள்ள நான்கு தடங்கள் 14 மீட்டர், வினாடிக்கு 1.2 மீட்டர் நடப்பவருக்கே ஏறத்தாழ 12 வினாடி ஆகும். முதியோருக்கு இன்னும் கூடுதலாக வேண்டும்.

செங்கல்பட்டு மாவட்ட ஆட்சியர் தலைமையிலான சாலைப் பாதுகாப்புக் குழுவுக்கு மனுவை அளித்து, நெடுஞ்சாலைத் துறையினருக்கும் போக்குவரத்துக் காவல்துறைக்கும் நகல் அனுப்புங்கள். 2019 திருத்தத்தில் மோட்டார் வாகனச் சட்டத்தில் சேர்க்கப்பட்ட 198ஏ பிரிவு, பாதுகாப்புத் தரத்தைப் பின்பற்றாததால் உயிரிழப்போ ஊனமோ நேர்ந்தால் சாலையைப் பராமரிப்பவரையும் பொறுப்பாக்குகிறது. அதைக் குறிப்பிட்டு, ஒவ்வோர் இடத்துக்கும் புகைப்படமும் கிலோமீட்டர் கல் எண்ணும் இணைத்து அனுப்புங்கள்.